அத்தையின் ஆகாய கிரிவலம்

எடை கேட்டால் உண்மையைச் சொல்கிற மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நானும் எழுபத்தைந்து கிலோ என்றுதான் சொல்லியிருந்தேன்.

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் மாமியாருக்கு முட்டிவலி. கிரிவலம் நடந்து வருஷக்கணக்காகிறது. வேங்கிக்கால் பக்கம் ஒரு மைதானத்தில், மலையைச் சுற்றிக்காட்டும் சின்ன ஹெலிகாப்டர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், அவர், என் மனைவி செல்வி, நான் என்று மூன்று பேருக்கும் பதிவு செய்துவிட்டேன். (மாமியாரிடம் நல்ல பெயர் வாங்க வேறு வழி எதுவும் பாக்கியில்லை.)

அங்கே எடை மெஷின் வைத்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஏறி நின்றேன். முள் தொண்ணூறைத் தாண்டித்தான் நின்றது. வரிசையே எட்டிப் பார்த்தது.

"பாக்கெட்ல போன் இருக்குதுங்க" என்றேன்.

பைலட் ஒரு சென்னைப் பெண். சிரிக்கவில்லை. "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி சார். சூடான காத்துல மேல தூக்கற சக்தி கம்மி. மலைக்கு அந்தப் பக்கம் காத்து கீழ அமுக்கும். அதுல மாட்டினா ஏறி வர்றதுக்கு இன்ஜின்ல மிச்ச சக்தி வேணும். இந்த எடைக்கு முடியாது. ஒருத்தர் நின்னுடுங்க."

"நான் நின்னுக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க மாப்ள" என்றார் அத்தை. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"நான் இருக்கறேன் அத்த" என்று தியாகி போல விலகினேன். (உள்ளுக்குள் உயிர் பிழைத்த நிம்மதி.)

கயிற்றுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். நல்ல படம் கிடைக்குமே என்று கயிற்றைத் தாண்டிப் போனேன். இரண்டு கையும் போனில். ஹெலிகாப்டர் எழும்பியதும் புயல் போலக் காற்று. என் வேட்டி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி, வால் விசிறியை உரசுவதுபோல் கடந்து, வேலியில் போய் மாட்டியது. (கட்டம்போட்ட அரை டிராயருக்கு நன்றி.) தரையில் இருந்த ஊழியர் கைகளை வீச, ஹெலிகாப்டர் சட்டென்று கீழே உட்கார்ந்தது.

பைலட் வெளிறிப்போய் இறங்கி வந்தார். "அந்தத் துணி விசிறியில சுத்தியிருந்தா நாங்க மூணு பேரும் போயிருப்போம். மலைப்பக்கம் ஹெலிகாப்டர் விழறதுக்கு எத்தனையோ காரணம் இருக்குது சார். வேட்டியையும் அதுல சேத்துடாதீங்க."

கண்ணாடிக்குப் பின்னால் செல்வியின் முகம் தெரிந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கயிற்றுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

விசிறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த பிறகே மறுபடி கிளப்பினார்கள். திரும்பி வந்த அத்தை கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மலைய முழுசா சுத்திட்டேன் மாப்ள." அத்தோடு எல்லாம் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

இன்றும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சொந்தக்காரர்களிடம் என்னைப் பெருமையாகத்தான் காட்டுகிறார்:

"எங்க மாப்ள. பறந்துட்டிருந்த ஹெலிகாப்டரையே கீழ எறக்கனவரு."