தாஸ் அண்ணன் நாக்கில் வைத்துப் பார்த்தது

அன்று பின்னேரம் ஸ்டோர் வாசலில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தாஸ் அண்ணன், வாசல் காவல்காரர். புஸ்பம் அக்கா, வேலை முடிந்து போகிற பெண்களைத் தடவிப் பார்த்து வெளியே விடுகிறவர். மனேஜர். மனேஜருக்குப் பக்கத்தில் ஒரு லொறிச் சாரதி, பெயர் தெரியாது, தெரியவும் வேண்டாம். எனக்குப் பின்னால் பரீதா, என்னோடு ஒரே மேசையில் வேலை செய்கிறவள். அவளுக்குப் பின்னால் வரிசையில் மற்றப் பெண்கள். ஒரு நாய். கடைசியாக நான்.

நாய் மட்டும்தான் சிரிக்கவில்லை.

நான் எழுதிப் பழகியவள் இல்லை. எட்டாம் வகுப்போடு சரி. வாயாலும் கூடக் கதைக்க மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் இந்தக் கதையை ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். போன பெருநாளுக்கு வந்த விருந்தாளிக்கு என் மகன் சொன்னதில் பொலிசும் வந்தது. பொலிஸ் வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். வெட்கம்தான். எழுதாவிட்டாலும் வெட்கம்தான்.

பெற்றோல் இல்லாமல் போன காலம் அது. உப்புவெளியிலிருந்து துறைமுகப் பக்கம் போகிற பஸ் ஒரு நாள் வரும், மறுநாள் வராது. வந்தாலும் கால் வைக்க இடம் இருக்காது. எனக்கு வேலை அங்கே ஒரு ஸ்டோரில். சீனி, பருப்பு, பால்மா எல்லாம் மூட்டையில் வந்து இறங்கும். நாங்கள் நிறுத்துச் சின்னப் பைகளில் கட்டுவோம். மண்ணெண்ணெய் இல்லாததால் என் வீட்டுக்காரர் வள்ளத்தைக் கரையில் இழுத்து விட்டிருந்தார். மகன் படிக்கிறான். வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். இரண்டு தரம் பிந்திப் போய்விட்டேன். மூன்றாம் தரம் பிந்தினால் ஆள் மாற்றுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஸ்டோர்ப் பெண்கள் பல பேர் சைக்கிளுக்கு மாறியிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் வீட்டுக்காரரின் சைக்கிள் ஒன்று சும்மா கிடந்தது. நாற்பத்திரண்டு வயதில் கடற்கரையோரம் சைக்கிள் பழகினேன். அவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"முன்னுக்குப் பாரு."

"பாக்கிறன்."

"கீழயெல்லோ பாக்கிற."

"விழப்போற இடத்தப் பாக்கிறன்."

விழுந்தேன். எழும்பினேன். ஒரு கிழமையில் ஓடக் கற்றுக்கொண்டேன். (பிறேக் பிடிக்கக் கற்றுக்கொள்ள இன்னொரு கிழமை.) எல்லாரும் சைக்கிள் ஓடுவதைப் பற்றிச் சொல்வார்கள். சீற்றில் இருப்பதைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை.

அது ஆம்பிளைச் சைக்கிள். சீற் ஒடுக்கம், தோல் காய்ந்து கல்லுப் போல. மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். வீட்டுக்காரரின் உயரத்துக்கு ஏற்றி வைத்த சீற். இறக்குகிற நட்டு கடல் காற்றுக்குத் துருப்பிடித்து இறுகிவிட்டது. பெடலுக்குக் கால் எட்ட வேண்டுமானால் நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிய வேண்டும். உப்புவெளியிலிருந்து துறைமுகம்வரை அம்மியில் சம்பல் அரைப்பது போல அரைத்துக்கொண்டே போவேன். அரைபட்டது நான்.

உடுப்பும் சரிவரவில்லை. பாவாடை முதல் நாளே சங்கிலிக்குள் போய்க் கிழிந்தது. நடுவழியில் நின்று கடித்து இழுத்து எடுத்தேன். பிறகு பாவாடையை இழுத்துச் செருகி, உள்ளே மகனின் ஜீன்ஸைப் போட்டேன். ஜீன்ஸில் நாலு பக்கத்துத் தையலும் வந்து முட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. அது எந்த இடம் என்று அந்தச் சீற்றில் இருந்தவளுக்குத்தான் தெரியும். வேர்வையும் சேர்ந்துவிட்டால் சொல்லத் தேவையில்லை. இரவில் குப்புறப் படுத்தேன்.

"என்ன, சுகமில்லையோ?" என்று அவர் கேட்டார்.

"ஒண்டுமில்ல."

இருபது வருசம் ஒன்றாக வாழ்ந்த மனிதர். அவரிடமே சொல்ல வரவில்லை.

சீற்றின் மேல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருக்கலாம். ஒரு நாள் கட்டினேன். சந்தித் தேத்தண்ணிக் கடையில் நின்ற ஒருவர், "என்ன தங்கச்சி, மெத்தையெல்லாம் போட்டு ஓடுறீங்க" என்றார். எனக்கு எங்கே நோகிறது என்று போர்டு எழுதி மாட்டியது போல இருந்தது. அன்றே அவிழ்த்து எறிந்தேன்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. (அதோடு நிறுத்திவிட்டது.)

வள்ளத்துக்குப் பக்கத்தில் உடைந்த ரெஜிபோம் மீன்பெட்டி ஒன்று கிடந்தது. ஐஸ் போட்டு மீன் அடுக்குகிற வெள்ளைப் பெட்டி. பாரமில்லை, அமத்தினால் மெத்தென்று இருக்கும். அதை மணி மணியாக உதிர்த்தேன். பழைய தலையணை உறையை வெட்டிப் பை தைத்து, மணியை நிரப்பி, உள்பாவாடைக்கு உட்புறமாகப் பின்பக்கத்தில் பொருத்தித் தைத்தேன். சீற்றில் ஒன்றும் தெரியாது. சீற்றுக்கும் எனக்கும் இடையில் நடக்கிறது ஒருவருக்கும் தெரியாது.

முதல் நாள் மிதந்துகொண்டு போனேன்.

ஒரேயொரு குறை, நடந்தால் சத்தம் போட்டது. ரெஜிபோம் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், கிறீச், கிறீச்.

"என்ன புள்ள சத்தம்?" என்றாள் பரீதா.

"செருப்பு."

அவள் என் காலைப் பார்த்தாள். ஸ்டோருக்குள் நாங்கள் செருப்புப் போடுவதில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் அது நடந்தது. அதற்கு முந்தின கிழமைதான் ஒரு பெண் இரண்டு பால்மா பைக்கற்றை இடுப்பில் செருகிக்கொண்டு போகையில் பிடிபட்டாள். அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். "இனி ஆரெண்டாலும் இதுதான்" என்று மனேஜர் எல்லாருக்கும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து புஸ்பம் அக்காவின் கை நன்றாக அழுத்தித் தேடத் தொடங்கியது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் கழற்றவில்லை. கழற்ற உள்ளே மறைவான இடமும் இல்லை.

என் முறை வந்தது. கை முதுகால் இறங்கி வந்தது. நின்றது.

"இஞ்ச என்ன?"

நான் வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தேன்.

"உன்னத்தான்டி கேக்கிறன், என்ன கிடக்கு இஞ்ச?"

அமத்தினார். கிறீச் என்றது. நாள் முழுக்க இருந்து எழும்பி நைந்துபோயிருந்த தலையணை உறை அந்த அமத்தலோடு விட்டுக்கொடுத்தது. என் காலடியில் சீமெந்துத் தரையில் வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது.

"சீனி!" என்று தாஸ் அண்ணன் கத்தினார்.

கடல் காற்றுக்கு அது வாசல்வரை உருண்டு ஓடியது. சீனி உருண்டு ஓடாது. அங்கே நின்ற எல்லாரும் சீனி கட்டிப் பிழைக்கிறவர்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மனேஜர் வந்தார். லொறிச் சாரதியும் கூடவே வந்தான்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"மூண்டு நாள்" என்றேன். மெத்தையைத்தான் சொன்னேன்.

"பாத்தியளே, தானே ஒத்துக்கொள்ளுறா." மனேஜர் மற்றவர்களைப் பார்த்தார். "எத்தினை கிலோ போயிருக்கு?"

நான் தரையைப் பார்த்தேன். தாஸ் அண்ணன் குனிந்து நாலைந்து மணியைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது சவ்வரிசி போலயும் கிடக்கு."

நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். சவ்வரிசி சீனியைவிட விலை குறைவோ என்னவோ. கையை வாய்க்குக் கொண்டுபோனார். "வேண்டாம் அண்ணன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் போட்டுவிட்டார்.

எல்லாரும் அவருடைய வாயைப் பார்த்தோம். மென்றார்.

"இனிக்கேல்ல" என்றார்.

இன்னும் மென்றார்.

"கடிபடுதுமில்ல." யோசித்தார். "மீன் மணக்குது, ஐயா."

மனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "இஞ்ச பாருங்க, எனக்கு விளையாட நேரமில்ல. என்ன எண்டு சொல்லுங்க. சொல்ல ஏலாதெண்டா நாளையில இருந்து வர வேண்டாம்."

உண்மையைச் சொல்கிறேன். கள்ளி என்று போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தக் காலத்தில் பசிக்குக் களவெடுத்தாள் என்றால் ஊர் ஒரு மாதம் கதைக்கும், பிறகு விட்டுவிடும். இதைச் சொன்னால் சாகும்வரை விடாது. வாசலைத் தாண்ட ஒரு காலை எடுத்தும் வைத்தேன். அப்போது வீட்டுக்காரர் கரையில் வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது ஞாபகம் வந்தது. நானும் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தால் மூன்று பேர் எதைச் சாப்பிடுவது? காலைத் திரும்ப எடுத்தேன்.

"நோகுது" என்றேன்.

"என்ன நோகுது?"

"சைக்கிள் சீற்."

"சீற் நோகுதோ?"

"சீற் இல்ல."

முதலில் விளங்கியது புஸ்பம் அக்காவுக்கு. கையை வாயில் வைத்துக்கொண்டார். அடுத்தது லொறிச் சாரதிக்கு. அவன் சிரித்த சிரிப்பு துறைமுக ஜெற்றிவரைக்கும் கேட்டிருக்கும். அதோடு வரிசையும் சிரித்தது. பரீதாவும் சிரித்தாள். மனேஜர் அந்தப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார். எல்லாருக்கும் பிந்தித்தான் தாஸ் அண்ணனுக்கு விளங்கியது, தான் மென்றது எங்கேயிருந்து விழுந்தது என்று. தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினார். நெடுநேரம் குழாய் மூடப்படவில்லை.

"நாளைக்கு வரலாமோ, ஐயா?" என்று கேட்டேன்.

"வாங்க, வாங்க" என்றார் மனேஜர், என் முகத்தைப் பாராமல். "அத வாசல்லயே கழட்டி வச்சிட்டு வாங்க."

சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஏறி இருக்க மனமுமில்லை, மெத்தையுமில்லை. நான் போய்ச் சேர முன்னமே கதை போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் வாசலில் நின்றார். சிரிக்கவில்லை, அதற்குப் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. அன்றிரவே தேங்காயெண்ணெய் விட்டுச் சுத்தியலால் தட்டித் தட்டி அந்த நட்டைக் கழற்றினார். சீற்றை என் உயரத்துக்கு இறக்கி, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி இறுக்கினார்.

"சொல்லியிருந்தா அண்டைக்கே செய்திருப்பனே."

"எப்பிடிச் சொல்லுறது?"

அவர் குனிந்து நட்டை இன்னொரு தரம் இறுக்கினார்.

மறுநாள் ஏறினேன். பாதி நோவு இல்லை. மிச்சத்துக்கு ஒரு துவாயை மடித்து உடுப்புக்குள் வைத்தேன். புஸ்பம் அக்கா வாசலில் காதோடு சொன்னார்: "கூட மெத்தையா வைக்காத, அது இன்னும் போட்டு அரைக்கும். ஜீன்ஸையும் விடு. நடுவில தையல் இல்லாத பருத்திக் கால்சட்டையாப் பாத்துப் போடு." அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் இந்தக் கதைக்கு ஓய்வு இல்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி காணாது. கொஞ்சம் குலுங்கிப்போட்டுப் போ" என்பார். மகன் கலியாணம் கட்டி வந்த மருமகளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். அவளும் இப்போது சொல்கிறாள். மரியாதையாக, "கொஞ்சம் குலுங்குங்கோ மாமி" என்று.

அவர்களுக்கு நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்த மறுநாள் காலையில் மனேஜர் புஸ்பம் அக்காவின் கதிரைக்குக் கீழே ஒரு பெரிய கூடையை வைக்கச் சொல்லியிருந்தார். சைக்கிளில் வருகிற பெண்கள் அப்படி எதுவும் வைத்திருந்தால் உள்ளே வர முன்னம் அதற்குள் போட வேண்டும். நான் நேரத்தோடு போய் என் துவாயைப் போட்டேன். வேறு யார் போடப் போகிறார்கள் என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். பின்னேரம் எல்லாரும் வர முன்னம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவோம் என்று முதல் ஆளாக வந்தேன். புஸ்பம் அக்கா கூடையை ஒரு சேலைத் துண்டால் மூடி வைத்திருந்தார். விலக்கினேன்.

மடித்த துவாய்கள். பிள்ளைத் தலையணை ஒன்று. சாக்குத் துண்டு. தும்பு அடைத்த பை. கறுப்பு அபாயாத் துணியில் தைத்த சின்ன மெத்தை ஒன்று, பரீதாவின் தையல், எனக்குத் தெரியும்.

என்னுடையதைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க வேண்டியிருந்தது. வைத்தபடியே எண்ணினேன்.

பதினொன்று.