பொருத்தம் அண்ணாச்சி ஓடிய ஓட்டம்

இடியையும் மின்னலையும் பிடித்து எதிரெதிரே உட்காரவைத்து, எந்த ஊர், எந்தச் சபை என்று விசாரித்து, தை மாதத்தில் கல்யாணத்தையும் முடித்துவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் உடும்பஞ்சோலை மலையில் பொருத்தம் அண்ணாச்சிதான்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். யாருக்கும் அது தெரியாது. எதைப் பார்த்தாலும் "நல்ல பொருத்தம்" என்பார். கட்டன்சாயாவும் பொறையும் பொருத்தம். எங்கள் போதகரும் அவருடைய ஓட்டைக் குடையும் பொருத்தம். ஏலக்காய் ஸ்டோரில் காவலுக்கு இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கல்யாணத் தரகை முழுநேர ஊழியமாக எடுத்துக்கொண்டார். கூலி கிடையாது. கல்யாணத்தில் முதல் பந்தியில் ஒரு இலை, அவ்வளவுதான்.

ஒருமுறை இன்சூரன்ஸ் விற்பதற்காக ஒரு பெண் அவருக்குப் போன் செய்தாள். "சார், உங்க எதிர்காலத்தைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?" என்று ஆரம்பித்தாள்.

"என்னுது கெடக்கட்டும் தாயி. ஒங்க எதிர்காலம் என்ன நெலமையில இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. அவர் பாலிசி எடுக்கவில்லை. அந்தப் பெண் இப்போது நெடுங்கண்டத்தில் இரண்டு பிள்ளைகளோடு குடும்பம் நடத்துகிறாள்.

இன்னொரு முறை ஏதோ ஒரு செக்போஸ்டில் போலீஸ்காரர் ஒருவர் ஜீப்பை மறித்து, "சீட் பெல்ட் எவிடே, சேட்டா?" என்று கேட்டார். அண்ணாச்சி இறங்கிப் போய் ஒழுங்காக அபராதம் கட்டினார். திரும்பி வரும்போது ரசீதோடு அந்தப் போலீஸ்காரருடைய தங்கையின் போட்டோவும் அவர் கையில் இருந்தது.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் முடியாமல் போன ஒரே கேஸ் நான்தான். எனக்கு வயது முப்பத்துநாலு. ஏலக்காய்க் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கல்யாணத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் நாலு பேர் வந்து உட்கார்ந்து, மிக்சரைக் கொறித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்ப்பது மட்டும் ஆகாது. அதனால் அண்ணாச்சியின் இருமல் வாசலில் கேட்டதுமே நான் அடுக்களை வழியாக வெளியேறி ஓடிவிடுவேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே ஓடுவேன். வளைகுடா மாப்பிள்ளைக்கு ரோட்டோரச் சிலுவை நிற்கும் குரிசடி வரைக்கும் ஓடினேன். எலப்புள்ளி ஃபேக்டரிக்கார மாப்பிள்ளை ஜாதி ஜனத்தோடு வந்து மத்தியானம்வரை உட்கார்ந்திருந்ததில், பக்கத்து எஸ்டேட்டைத் தாண்டி அடுத்த பஞ்சாயத்துக்கே போய்விட்டேன். நான் ஓட்டக்காரி ஆனது இப்படித்தான்.

போன வருடம் மலையடிவாரத்தில் ஒரு அரை மாரத்தான் அறிவித்தார்கள். எங்கள் மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள். அங்கே ஒயின் எடுக்கும் கம்பெனி ஒன்றுதான் நடத்தியது. இருபத்தொரு கிலோமீட்டர். முதல் பாதி திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே சமதரை. பிறகு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கேரள எல்லையில் கம்பம்மெட்டில் முடிக்க வேண்டும். ஒன்பதரை மணிக்குள் மேலே வந்தால்தான் மெடல். பள்ளிக்கூடத்தில் ஒரு சோப்பு டப்பாகூடப் பரிசு வாங்காதவள் நான். அந்த மெடல் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் பனியில் பயிற்சி எடுத்தேன். அம்மாவைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

அம்மாவிடம் சொன்னதுதான் பிசகு.

விடியற்காலையில் தொடக்கக் கோட்டில் நின்று கால்களை உதறிக்கொண்டிருந்தேன். பின்னால் அந்த இருமல் கேட்டது. திரும்பினேன். அண்ணாச்சி நின்றார். பந்தயக்காரர்கள் கொடுத்த பனியன் வயிற்றுக்கு மேலேயே நின்றுவிட்டது. கீழே கோயிலுக்குப் போடும் கறுப்பு பேன்ட், பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. நெஞ்சில் நம்பர்.

"என்ன அண்ணாச்சி இது?"

"ஓட வந்திருக்கேன்."

"நீங்க எதுக்கு ஓடணும்?"

"நீதான் நிக்க மாட்டேங்கியே பிள்ள. அப்ப நான்தான ஓடணும்?"

விசில் ஊதினார்கள். ஓட ஆரம்பித்தேன். அண்ணாச்சியும் ஓடினார். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் பன்னீர் திராட்சை வாசம் தொண்டை வரைக்கும் இறங்கியது. அதை அனுபவிக்க விட்டால்தானே?

"பையன்... திராட்சத் தோட்டம்... சொந்தம்," என்றார் மூச்சு வாங்க. "குடி... கெடையாது. ஒயினு கம்பெனிக்கே பழம் போடுதான்... ஒரு சொட்டு தொட மாட்டான்."

"அண்ணாச்சி, பேசாம ஓடுங்க. நெஞ்சு அடைக்கும்."

"பேசாட்டாதான் எனக்கு அடைக்கும். மொத தண்ணிப் பந்தல்ல நிப்பான். நீ நிக்க வேண்டாம். பாத்துட்டு மட்டும் போ."

அப்படியாக, ஓடிக்கொண்டே பெண் பார்க்கப்பட்ட முதல் பெண் என்ற பெருமை எனக்குக் கிடைத்தது. தண்ணீர்ப் பந்தலில் கஞ்சி போட்ட சட்டையோடு பையன் நின்றான். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அம்மா, அத்தை, தாம்பாளம் நிறையத் திராட்சை. பையன் ஒரு கப் தண்ணீரை நீட்டினான். வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டு ஓடினேன்.

"பொண்ணு ஏன்டா நிக்காமப் போகுது?" என்று அம்மாக்காரி கேட்டது காதில் விழுந்தது. அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பத்தடி தூரம் என்னோடு ஓடி வந்து, "மீன் கொழம்பு வைப்பியாம்மா?" என்று கேட்டார். ஓட்டத்தில் அந்தக் குடும்பத்திலேயே அவர்தான் தேறினார்.

ஏற்றம் தொடங்கியதும் அண்ணாச்சி பின்தங்கினார். நான் விட்டேன் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம். நேரம் கையில் இருந்தது, காலில் தெம்பு இருந்தது. மெடல் இப்போதே கழுத்தில் ஆடுவதுபோல இருந்தது. நாலைந்து வளைவு ஏறிய பிறகு சுவர் ஓரமாகக் கீழே எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இரண்டு வளைவுக்குக் கீழே அண்ணாச்சி தடுப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது.

அந்த இடத்தில் நின்று என்னை நானே என்னவெல்லாம் திட்டிக்கொண்டேன் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது. பிறகு இறங்கினேன்.

ஒன்றுமில்லை, காலை ஆகாரம் சாப்பிடாமல் வந்ததில் வந்த மயக்கம். பந்தலில் பையனின் அம்மா அவருக்குக் கொடுத்த திராட்சை அவர் பேன்ட் பையில் கூழாகி இருந்தது. அதை வழித்து அவர் வாயில் போட்டேன். ஷூவைக் கழற்றினால் இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

"நீ ஏன் எறங்கி வந்த? போ பிள்ள, நேரமாவுது."

"ஓட முடியாதவங்கள ஏத்திக்கிட்டு கடைசி வண்டி வருது, ஏறிக்கிடுங்க."

"ஏற மாட்டேன். நீ போ."

அப்போது கீழிருந்து புத்தம்புது பைக்கில் பையன் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, அம்மா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படித்தான் ஓடுமான்னு."

அஃறிணையாகக் கேட்கப்பட்ட நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, வண்டிய ஓரங்கட்டிட்டு, அந்த வளைவு வரைக்கும் இந்தப் பிள்ளையோட நடந்துக்கிட்டே கேளு. அதே சொல்லும்."

பையன் வளைவைப் பார்த்தான். வெயிலைப் பார்த்தான். "வேணும்னா பின்னாடி ஒக்காரச் சொல்லுங்க அண்ணாச்சி. பேசிக்கிட்டே மேல விட்டுர்றேன்."

அண்ணாச்சி பையனையும் பைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அம்மாகிட்ட சொல்லிரு தம்பி. பொருத்தம் இல்ல," என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று நினைத்தேன். மலை ஏறும்போது அப்படி ஆவதுண்டு. ஆனால் பையன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போவது கண்ணால் தெரிந்தது.

"நல்ல பையன்தான் அண்ணாச்சி," என்றேன், ஒரு மரியாதைக்கு.

"நல்ல பையன்தான். நல்ல பைக்குந்தான். ரெண்டுக்கும் அருமையான பொருத்தம்."

அவர் ஷூவை நாடாவால் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். என் தோளில் ஒரு கை. ஏறினோம். பின்னாலேயே கடைசி வண்டி உறுமிக்கொண்டு ஊர்ந்து வந்தது. டிரைவர் ஹாரன் அடித்ததும் அண்ணாச்சி திரும்பி, "தம்பிக்கு எந்த ஊரு? கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவன் ஹாரன் அடிக்கவில்லை.

கம்பம்மெட்டுக்கு வந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. முடிவுக் கோட்டில் நின்ற பலூன் வளைவின் காற்றைப் பிடுங்கி ரோட்டில் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி அதை மிதிக்காமல், மரியாதையாகத் தாண்டினார். மெடல் இல்லை. ஆறிப்போன உப்புமா இருந்தது. நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அழுதியா?"

"வேர்வை."

"சரி."

உப்புமாத் தட்டோடு அவர் எல்லைச் சுவரோரம் போய் நின்றார். கீழே பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்கள் பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடந்தன. வெகுநேரம் பார்த்தார்.

"ஏ பிள்ள, அங்கேருந்தா வந்தோம்? நம்ம காலாலயா?"

"ஆமா அண்ணாச்சி."

"இதுக்குத்தான் ஓடுதேன்னு மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா," என்றார். கல்யாணம் பற்றி அதற்குமேல் அன்று முழுவதும் அவர் பேசவேயில்லை.

மறுநாள் பேசினார். அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் இப்போது முறை மாறிவிட்டது. எனக்கென்று ஒரு மாப்பிள்ளை வந்தால், வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முன்னால் கம்பம்மெட்டு ஏற்றத்துக்குக் கூட்டிப் போகிறார். இதுவரை யாரும் மேலே வந்து சேரவில்லை. ஒருவர் பாதி வழியில் பஸ் ஏறித் தேனிக்கே போய்விட்டாராம்.

அண்ணாச்சி கான்வாஸ் ஷூ வாங்கிவிட்டார். சனிக்கிழமை காலைகளில் நான் ஓடும்போது அவரும் வருகிறார். ரொம்பத் தூரம் பின்னால் தொடங்கி, இருமிக்கொண்டே வந்து, எப்படியோ என்னை எட்டிப் பிடித்துவிடுகிறார். தன் வேகம் கூடியிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் எந்த வேகத்தில் ஓடுகிறேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.