டோரினின் சிவப்பு நத்தைகள்

அக்டோபர் முதல் தேதி மதியம், ஆட்டிறைச்சித் தட்டுக்கு முன்னால் அமர்ந்து, மெர்வின் பாஸ்கோம் சபதம் செய்தார். மாதம் முடிவதற்குள் ஆல்டர் ஏரியில் ஒரே ஒரு டிரவுட் மீனையாவது தம் கையால் பிடித்து வருவார். பிடிக்காவிட்டால், வீட்டை விற்கும் பத்திரத்தில் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போடுவார். அறுபத்தெட்டு வயதில் ஓர் ஆண் சபதம் செய்வதற்கு இரண்டே காரணங்கள் இருக்க முடியும். ஒன்று, தோற்கவே முடியாது என்ற நம்பிக்கை. மற்றொன்று, எதிரே அமர்ந்து மனைவி சிரிப்பது. அன்று இரண்டும் இருந்தன.

நம்பிக்கை நியாயமானதுதான். ஆல்டர் ஏரி பெயரளவில்தான் ஏரி. ஒரு கால்பந்து மைதானத்தில் அடங்கிவிடும். வியாழக்கிழமைதோறும் பண்ணையிலிருந்து ஒரு லாரி வந்து, வளர்த்த மீன்களை அதில் கொட்டிவிட்டுப் போகும். உலகம் கெட்டது என்று இன்னும் கற்றிராத மீன்கள். கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய போலி ஈயை நீர்மேல் வீசினால் நம்பி வாய் திறப்பவை. கண்புரை முற்றிய பாதிரியார்கூடப் போன மாதம் இரண்டு பிடித்துப் போனார்.

மனைவி டோரின் மூன்றாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. ஈரம் கசியும் இந்தச் சுவர்களையும், முழங்காலைத் தின்னும் பதினெட்டுப் படிகளையும் விட்டுவிட்டு, கடற்கரையில் தம் அக்கா முரியலின் வீட்டுக்கு அடுத்த அடுக்ககத்துக்குப் போய்விட வேண்டும். மெர்வினுக்கு அதை நினைக்கவே பிடிக்கவில்லை. நான்காவது மாடி. சுவருக்கு அப்பால் முரியல். சுற்றிலும் ஐம்பது மைலுக்கு டிரவுட் ஏரி கிடையாது. கடல் இருந்தது, ஆனால் கடல் மீனை அவர் மீன் என்று ஒப்புக்கொண்டதே இல்லை.

சபதம் முடிந்த கையோடு அவர் ஒரு காரியம் செய்தார். அந்த மாதம் முதல் ஏரியில் புதிய விதி. கொக்கியின் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளை நசுக்கிவிட வேண்டும். திரும்ப விடும் மீனுக்கு வாய் கிழியக்கூடாது. கொக்கியோ அரிசி அளவு. முள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி போட அவர் சம்மதிக்க மாட்டார். தம் பார்வை பருந்தின் பார்வை என்று மீன்பிடிச் சங்கத்தில் இருபது பேர் முன்னிலையில் சொல்லிவைத்திருந்தார். ஆகவே நாற்பது போலி ஈக்கள் அடங்கிய பெட்டியையும் ஒரு குறட்டையும் மனைவியிடம் நீட்டினார். டோரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சமையலறை ஜன்னலோரம் அமர்ந்து, பிற்பகல் முழுவதும் செலவிட்டு நாற்பதையும் முடித்துக் கொடுத்தார். நன்றி சொல்ல வேண்டும் என்று மெர்வினுக்குத் தோன்றவில்லை. திருமணமான நாள் முதல் தோன்றியதில்லை.

பிறகு மழை தொடங்கியது. அது நிற்கவே இல்லை. ஏரி ஈயத் தகடுபோல் கிடந்தது. மெர்வின் நாள்தோறும் இடுப்பளவு ரப்பர் காலுறையில் நின்றார். நாள்தோறும் மீன் கவ்வியது. நூல் துள்ளும், கோல் வளையும், இரண்டு முழம் வரும், விட்டுவிடும். ஏரிக் காவலர் ராட்னி குடிசையிலிருந்த பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினார். மூன்றாம் வாரத்தில் எழுதுவதையும் நிறுத்திவிட்டு, மேலே எழுதியதே தொடர்கிறது என்று ஒரு கோடு இழுத்தார். மெர்வினுக்கு அந்தக் கோடு தம் வாழ்க்கைக்கே இழுத்ததாகப் பட்டது.

வீட்டில் அவர் பேச்சுக் குறைந்தது. மாடிப்படியின் கைப்பிடியைத் தடவியபடி நின்றார். இனி எவனோ ஒருவன் இதைப் பிடித்து ஏறுவான் என்று எண்ணியபோது கண் கலங்கியது. அவருக்கு மிஞ்சியது ஒரே ஆறுதல்.

“ஒண்ணு கவனிச்சியா டோரின்? இந்த மாசம் ஒரு தடவைகூடக் கொக்கி என் காதுல மாட்டல. கோட்டுலயும் மாட்டல. வீச்சு அவ்வளவு சுத்தமாயிடுச்சு.”

“ஆமா,” என்றார் டோரின், உருளைக்கிழங்கிலிருந்து கண்ணெடுக்காமல். “மீன் வாயிலயும் மாட்டல.”

கடைசி நாள் விடிந்தபோது மெர்வினிடம் நேர்மை தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து மாவட்டத்தில், தம்மை யாரும் அறியாத ஒரு மீன் பண்ணைக்குக் காரோட்டிச் சென்று, குடல் நீக்காத இரண்டு டிரவுட் வாங்கினார். அதோடு முடியாது என்பது அவருக்குத் தெரியும். முப்பத்தோராண்டுகளாக அவர் கொண்டுவந்த மீன்களை அறுத்தவர் டோரின். எந்த மீன் எதைத் தின்றது என்று வயிற்றைப் பார்த்தே சொல்வார். பண்ணை மீனின் வயிற்றில் தீவன உருண்டைதான் இருக்கும். எனவே மெர்வின் காருக்குள் குனிந்து, மீன்பிடிப்பவர்கள் வைத்திருக்கும் நீண்ட ஒல்லிக் கரண்டியால் மீன் வாய்வழியே தீவனத்தைச் சுரண்டி எடுத்தார். அன்று காலையே வீட்டுத் தோட்டத்து நீர்த்தொட்டியில் அள்ளிவைத்திருந்த நத்தைகளை உள்ளே தள்ளினார். நில அளவைத் துறையில் முப்பத்தைந்தாண்டு இருந்தவர். ஒன்றுக்கு ஆறு, மற்றதற்கும் ஆறு. நனைந்தாற்போல் தெரிய வேண்டுமே என்று தொப்பியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

டோரின் மீன்களைப் பார்த்தார். பாராட்டினார். கத்தியை எடுத்தார்.

“இதுல ஆறு நத்தை.”

“ஏரியில இப்ப நத்தை ஜாஸ்தி.”

“இதுலயும் ஆறு.”

“ஒரே இடத்துல மேஞ்சிருக்கும்.”

“பாவம், சண்டை போடாம சமமா பங்கு வச்சிருக்குங்க.” டோரின் ஒரு நத்தையைக் குழாயடியில் கழுவி வெள்ளைத் தட்டில் வைத்தார். அது பவழமணிபோல் சிவந்திருந்தது. “இந்தச் சிவப்பு நத்தை என் பிறந்தநாளுக்கு முரியல் வாங்கிக் கொடுத்தது. நம்ம தொட்டியிலதான் கிடக்கு. அப்ப இந்த ரெண்டு மீனும் ஏரியிலேருந்து ஒரு மைல் நடந்து வந்து, தோட்டக் கதவைத் திறந்து, சாப்பிட்டுட்டு, மறுபடி கதவைச் சாத்திட்டுப் போயிருக்கு. நீகூட அந்தக் கதவை ஒருநாளும் சாத்தினதில்ல மெர்வின்.”

மெர்வின் நாற்காலியில் அமர்ந்தார். டோரின் மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து பத்திரத்தை எடுத்தார். அது அங்கே எத்தனை நாளாகக் காத்திருந்தது என்று கேட்கவும் மெர்வினுக்குத் துணிவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய கோடு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. டோரின் தம் கண்ணாடியைக் கழற்றிக் கணவரின் மூக்கில் மாட்டினார்.

கோடு தெரிந்தது. கையெழுத்து விழுந்தது. வீடு போயிற்று.

கண்ணாடியோடு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு உலகம் கூர்மையாக இருந்தது. சுவரில் ஈரம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. மேசைமேல் ஈப்பெட்டி கிடந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று திறந்தார். ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் மேசையில் கவிழ்த்தார்.

“டோரின். நாப்பது கொக்கியிலயும் முனையே இல்ல.”

“நசுக்கினா விரல் வலிச்சுது. வெட்டறது சுலபமா இருந்துச்சு.”

“இது அக்கிரமம்.”

“மீனுக்கு நத்தை ஊட்டினவர் சொல்றார்.” டோரின் பத்திரத்தை உறையிலிட்டு ஓரத்தை நாவால் ஈரப்படுத்தி ஒட்டினார். பிறகு கையை நீட்டினார். “கண்ணாடியைக் குடு. முகவரி எழுதணும்.”