புத்தூருக்குப் போகாத கை

இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களை உங்களுக்குத் தெரியும். வாங்கிப் போன குடையில் தன் பெயரைத் தைத்துக்கொள்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். இவர்களெல்லாம் சாது. இங்கே சொல்ல வந்தது இரவல் ஞாபகக்காரரை. அடுத்தவருக்கு நடந்ததைக் கேட்டுக்கொண்டு போய், தனக்கே நடந்ததாக வைத்துக்கொள்பவர். அவரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய்யருக்குத் தான் சொல்வது பொய் என்றாவது தெரியும். இவருக்கு அந்த வசதியும் கிடையாது.

இந்த இனம் நன்றாகத் தழைத்து வளர்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் திருப்பதிக்கு வரவேண்டும். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நினைவு–வரலாறு ஆய்வு மையம் என்று ஒன்று உண்டு. அதன் தலைவர் பேராசிரியர் ஸௌரிராஜன். ஊர் ஊராக ரெக்கார்டரும் கையுமாகப் போய், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "சின்ன வயசு ஞாபகம் ஏதாவது சொல்லுங்கோ" என்று கேட்டு வாங்கி வருவதுதான் உத்தியோகம். வரலாற்றுத் துறை ஆதாரம் கேட்டால், இது உளவியல் என்பார். உளவியல் துறை சோதனை செய்தீரா என்றால், இது இலக்கியம் என்பார். இலக்கியத் துறை நடை சரியில்லை என்றால், இது வரலாறு ஐயா, வரலாறு என்பார். மூன்று துறையும் கூடி நடத்தும் மையம் அது. எந்தத் துறையாலும் அவரைப் பிடிக்க முடியவில்லை.

உளவியல் துறையிலிருந்து வரும் ஹேமநாத் கார்வேட்டிநகரத்துக்காரர். பரீட்சைக்கு முன்னால் திருமலைக்குப் போனபோது தன் ஹால் டிக்கெட்டைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு மரமேறிய கதையை அவர் ஒருநாள் பேராசிரியரிடம் சொல்லிவைத்தார். அது முதல் வாரம் 'ஹேமநாத்துக்கு நடந்தது' என்றிருந்தது. பிறகு 'நம்ம சிநேகிதர் ஒருத்தருக்கு' ஆனது. மாதம் முடிவதற்குள் கேன்டீனில் ஹேமநாத்திடமே வந்து சேர்ந்தது.

"என் ஹால் டிக்கெட்டை ஒரு குரங்கு பிடுங்கிண்டு போன கதை உமக்குச் சொல்லியிருக்கேனோ?"

"இல்லயே, இன்னா ஆச்சு சார் அப்பால?" என்றார் ஹேமநாத், கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு. அவருடைய பதவி உயர்வு ஸௌரிராஜன் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. குரங்கு போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பூமாவால் அப்படி விட முடியவில்லை. பூமா பேராசிரியரின் மனைவி. ஒன்பது வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டவள். அவளுடைய அப்பா அவளை எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்கு ரயிலில் கூட்டிப்போய், ஸ்டேஷனிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டே கட்டுக் கட்டும் இடத்துக்கு நடந்தார். வைத்தியர் "ஏமீ காது, பாப்பா" என்று, ஒன்றும் ஆகாது எனத் தெலுங்கில் தேற்றியபடி எலும்பைத் தடவிப் பார்க்க, அப்பா அவள் கவனத்தைத் திருப்ப, "பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு" என்றார். பதிமூணு ஏழுக்கு வரும்போது வைத்தியர் இழுத்தார். பிறகு முட்டையை உடைத்து ஊற்றிக் கட்டினார்கள். முட்டை என்ற சொல்லைக்கூட வீட்டுக்குள் அனுமதிக்காத அப்பா, கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பும் வழியில், "ஆத்துல கேட்டா மாவுன்னு சொல்லிடு" என்று காதோடு சொன்னார். அடுத்த வருஷமே அவர் போய்விட்டார். அவரைப் பற்றிப் பூமாவுக்கு மிஞ்சியது அந்த ஒருநாள்தான்.

திருச்சானூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பூமா புத்தூர் கதையை ஆரம்பித்தாள். நாத்தனார் அலர்மேல்மங்கை அப்பளத்தை நொறுக்கியபடி குறுக்கிட்டாள்.

"மன்னி, அது அண்ணாவுக்குன்னா நடந்தது? நானும் கூடப் போனேனே, ஜன்னலோரம் உக்காந்துண்டு!"

பூமா இலையை மூடிவிட்டு எழுந்தாள். இன்னும் நாலு கல்யாணம் போனால் அப்பாவே தனக்கு இல்லாமல் போய்விடுவார் என்று பயந்துபோனாள். மறுநாள் காபியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன்னா, புத்தூர்ல கட்டுப் போட்டது என் கைக்கு. மறந்துபோச்சா?"

ஸௌரிராஜன் பரிவோடு சிரித்தார். "குடும்ப ஞாபகத்துல உன்னது என்னதுன்னு கிடையாது, பூமா. அதைப் பத்தித்தான் சித்தூர்ல பேசப்போறேன்."

"நானும் வரேன்" என்றாள் பூமா.

சித்தூரில் ஒரு கல்லூரி. பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் முடிந்து பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். கொய்யா மரம் வந்தது. ரயில் வந்தது. அப்பாவின் தோள் வந்தது. அங்கே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாய்ப்பாடும் வந்தது. கடைசியில், "ஆத்துல கேட்டா மாவுன்னு சொல்லிடு" என்று அவர் சொன்னபோது கூட்டம் முழுவதும் கண்கலங்கியது. முன்வரிசையில் ஒருத்திக்கு மட்டும் முகம் சிவந்தது.

கேள்வி நேரம். பூமா இடது கையைத் தூக்கினாள். அந்தக் கை முழங்கையில் இன்றும் முழுசாக நீளாது.

"பதிமூணு ஏழு எத்தனை?"

"தொண்ணூத்தொண்ணு" என்றார் பேராசிரியர், யோசிக்காமல்.

"அந்தக் கை முறிஞ்சவளுக்கு அது இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அந்த எடத்துக்கு வந்தா வலிதான் வரும், விடை வராது. அப்பா பக்கத்துல நின்னுண்டிருக்கார்னு அப்பதான் எனக்குத் தெரியும்."

பேராசிரியருடன் வந்திருந்த ஹேமநாத் கைதட்டப் போய், பதவி உயர்வு ஞாபகம் வந்து, கொசு அடிப்பதாக மாற்றிக்கொண்டார். மேடையில் ஸௌரிராஜன் தன் இடது கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். அது அம்சமாக நீண்டது. "நல்ல கேள்வி" என்று சொல்லி உட்கார்ந்தார்.

திரும்பும் பஸ்ஸில் பூமா ஜன்னலோரமாக, அப்பாவோடு, நிம்மதியாகத் தூங்கினாள். ஸௌரிராஜன் அதற்குப் பிறகு புத்தூர் கதைப் பக்கமே போகவில்லை. திருந்திவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். போன வாரம் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு அவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது சமையலறை வரை கேட்டது.

"சித்தூர் செமினார்ல ஒருத்தன் தன் கை முறிஞ்சதா என்னமா அளந்தான் தெரியுமோ! நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதிமூணு ஏழு எத்தனைன்னு. ஆள் மாட்டிண்டான்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கு இதை ஆபீசில் 'எங்கேயோ படித்தேன்' என்று சொல்வீர்கள். அடுத்த மாதம் 'எங்களுக்குத் தெரிந்த புரொபசர் ஒருத்தர்' என்று தொடங்குவீர்கள். பொங்கலுக்குச் சொந்தபந்தம் கூடும்போது கொய்யா மரம் உங்கள் கொல்லையிலேயே நின்றிருக்கும். சொல்லிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் கூட்டத்தில் யாராவது பதிமூணு ஏழு எத்தனை என்று கேட்டால் மட்டும், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.