பல்புப் பெட்டியில் முளைத்த மிளகாய்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் உலகத்தில் பாதி வம்பு இருக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை என் வாயில் வந்ததில்லை. ஃபேன் ஓடவில்லையா, நான் இருக்கிறேன். மாவு மெஷின் புகைகிறதா, நான் இருக்கிறேன். மாடி வீட்டுக் குழந்தைக்கு இருமலா, அதற்கும் இரண்டு யோசனை வைத்திருப்பேன். (டாக்டர் வந்து அதை மறுப்பார். அவர் பிழைப்பு அவருக்கு.)

பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறேன். பரமக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு துணிப்பையோடு கல்கத்தாவுக்கு வந்து, எடுபிடியாக நின்று மோட்டார் காயில் சுற்றக் கற்று, டாக்குரியா ஸ்டேஷன் அருகே சொந்தக் கடை போட்டவன் நான். படிப்பு அஞ்சாங்கிளாஸ். அதுவும் முழுசாக இல்லை. ஆனால் எரிந்துபோன மோட்டாரை மோந்து பார்த்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். இஞ்சினியர் படித்தவர்கள் கூட என் கடை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவனைத்தான் ஒரு மிளகாய் விதை மணப்பந்தலில் நிற்க வைத்து மானத்தை வாங்கியது.

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகள் செல்விக்கு மதுரை மாப்பிள்ளை அமைந்தார். தை மாதத்தில் முகூர்த்தம், கல்யாணம் கல்கத்தாவில். மார்கழியில் ஊரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் எங்கள் பக்கத்து முண்டு மிளகாய் வற்றல் ஒரு பை கொண்டுவந்தார். குட்டையாக, உருண்டையாக, குண்டூசியால் குத்தினால் மோரைக் குடித்துக்கொண்டு உப்பி நிற்கும் ஜாதி. இங்கே கிடைப்பதோ ஒல்லி மிளகாய். அதில் மோர் மிளகாய் போட்டால் நூல்தான் மிஞ்சும் என்று என் மனைவி சரோஜா பல வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"இதோட விதைய எடுத்துப் போடறேன். புது மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வரும்போது நம்ம மொட்டை மாடி மிளகாய்தான் இலையில விழும்," என்று அறிவித்தேன்.

"ஏங்க, கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு. இப்பப் போயி மிளகாயா?"

"மிளகாய்க்கே நம்ம ஊர்தான்டி தாய்வீடு. கைய வச்சா முளைக்கும்."

எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியை ஆண்டுகொண்டிருந்தவர் கோஷ் பாபு. பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். குளிர்காலம் வந்தால் தலைப்பாகை அளவுக்கு டேலியா பூக்க வைப்பார். காதையும் கழுத்தையும் மூடும் மங்கி கேப்பை துர்கா பூஜை முடிந்ததும் மாட்டினால் ஹோலிக்குத்தான் கழற்றுவார். நாங்கள் பேசுவது வங்காளியும் இந்தியும் கலந்த ஒரு குழம்பு. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். 'தாதா' என்றால் அண்ணா.

"தாதா, தொட்டியில என்ன போடறீங்க?"

"லங்கா." (வங்காளத்தில் மிளகாய்க்கு அதுதான் பெயர். நம் காதுக்கு வேறு மாதிரிக் கேட்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

"பௌஷ் மாசக் குளிர்லயா? வராது தாதா. விதையும் நம்மள மாதிரிதான், போர்த்திக்கிட்டுத் தூங்கும். சரஸ்வதி பூஜை போகட்டும், கொஞ்சம் வெயில் ஏறட்டும், அப்புறம் போடுங்க." (பௌஷ் என்பது நம் மார்கழி. சரஸ்வதி பூஜை வங்காளத்தில் தை, மாசியில் வரும்.)

ஒழுங்காகச் சொன்னார். பூச்செடி வளர்ப்பவருக்கு மிளகாயைப் பற்றி என்ன தெரியும் என்று நான் காதில் வாங்கவில்லை. "நீங்க உங்க டேலியாவைப் பாருங்க, கோஷ் பாபு," என்றேன். நான் நகர்ந்ததும் மண்ணைத் தட்டிவிட்டுப் போனார், பாவம் என்பதுபோல.

முளைக்கவில்லை. நாளாக ஆக நான் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறி விதையை எடுத்துப் பார்த்தேன். போட்ட மேனிக்குப் படுத்திருந்தது. தினமும் காலையில் கோஷ் பாபு மாடிப்படியில் வழிமறித்து, "தாதா, லங்கா எழுந்தாச்சா?" என்பார். ஒருநாள் கட்டடத்தில் எல்லாரும் இருக்கும்போது, "எப்படி எழுந்திருக்கும்? கும்பகர்ணன் ஊராச்சே!" என்று சொல்லிவிட்டார். பால்காரன் வரை சிரித்தான்.

அன்றைக்குத்தான் மூளை வேலை செய்தது. விதைக்குத் தேவை வெயில் இல்லை, சூடு. சூடு என்றால் கரண்டு. கரண்டு என்றால் நான்.

பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, அடியில் ஹோல்டர் வைத்து, நூறு வாட் பல்பு போட்டேன். அதன் மேல் தகரத் தட்டு. தட்டில் ஈரத்துணியில் விதை. மூடிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது கட்டடமே வாசலில் நின்று தும்மிக்கொண்டிருந்தது. துணி காய்ந்து, விதை வறுபட்டு, மூன்று மாடிக்கும் தாளித்த நெடி. கோஷ் பாபு மங்கி கேப்பை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, "தாதா, லங்கா தகனமா?" என்றார், கண்ணீர் வழிய.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? பல்பைச் சின்னதாக்கினேன். கையை உள்ளே விட்டால் கோழி வயிற்றுக்கடியில் விட்ட கதகதப்பு, அவ்வளவுதான். மிஷ்டி தோய், அதாவது இனிப்புத் தயிர் வரும் மண் பாத்திரங்களைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, சலித்த மண்ணில் விதையைப் போட்டேன். ஈரம் போகாமல் வாயைத் துணியால் கட்டினேன். கரண்டு போனால் என் ரஜாயை, அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வையை, எடுத்துப் பெட்டிக்குப் போர்த்தினேன். (எனக்கு? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படிச் செய்ததில்லை என்று சரோஜா இன்றைக்கும் சொல்வாள்.)

இந்தச் சமயத்தில் வீட்டில் முளைப்பாலிகை போட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நவதானியத்தை மண் பாத்திரத்தில் விதைத்துப் பந்தலில் கொண்டுவந்து வைக்கிற சடங்கு. பயிர் எப்படி வருகிறதோ அப்படித்தான் குடும்பம் தழைக்கும் என்பார்கள். மாப்பிள்ளைக்கு அம்மா கிடையாது, வளர்த்தது அத்தை. அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் ஃபோனிலேயே சொல்லிவிட்டார்:

"சம்பந்தி, முளைப்பாலிகை மட்டும் நல்லா வரணும். எங்க வீட்டுல அதைக் கண்ணால பாத்துட்டுத்தான் தாலியவே எடுத்துக் குடுப்போம்."

இங்கேயோ குளிரில் தானியம் அசையவில்லை. உளுந்து ஊறினபடியே உட்கார்ந்திருந்தது. சரோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பச்சையே காணோமுங்க. அந்தம்மா வந்து பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"அழாதே. குடு இங்க."

ஐந்து பாலிகையையும் தூக்கிப் பெட்டிக்குள், என் ஐந்து மிளகாய்ப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். சடங்குப் பாத்திரம் கல்கத்தாவில் கிடைக்காமல் அதற்கும் சரோஜா அதே தயிர்ப் பாத்திரத்தைத்தான் எடுத்திருந்தாள். திருஷ்டி படாமலிருக்க அதன் வாயையும் மஞ்சள் துணியால் கட்டியிருந்தாள். துணி தீர்ந்துபோய் நான் என்னுடையதற்கும் அதே மஞ்சள் துணியில்தான் கிழித்திருந்தேன்.

"மாறிப்போயிடாதா?" என்றாள்.

"எனக்கா?" என்று கேட்டுவிட்டு, சாக்பீஸை எடுத்து மிளகாய்க்கு 'மி' என்றும், முளைப்பாலிகைக்கு 'மு' என்றும் எழுதினேன். இதைத்தான் புத்தி என்பது என்று நினைத்துக்கொண்டேன். அஞ்சாங்கிளாஸ் வாத்தியார் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். என் 'மி'க்கு மேலே போக வேண்டிய சுழி பக்கவாட்டில் போகும். என் 'மு'க்குக் கீழே போக வேண்டிய சுழியும் அங்கேதான் போகும். அதன் பிறகு எத்தனை முறை சரோஜா, "ஒரு தடவை அவுத்துப் பாத்துரலாமே," என்றாலும், "தொறந்தா சூடு போயிடும்!" என்று விரட்டினேன்.

முகூர்த்த நாள் விடிந்தது. பாலிகஞ்சில் ஒரு கல்யாண மண்டபம். யாரையும் தொடவிடாமல் நானே பெட்டியைத் திறந்தேன். உள்ளே வேர்த்து வடிந்து சாக்பீஸ் பாதி கரைந்திருந்தது. பத்து மஞ்சள் தலைகள் வரிசையாக என்னைப் பார்த்தன. கண்ணைச் சுருக்கிப் படித்தேன். 'மு' என்று தோன்றிய ஐந்தை எடுத்து டாக்ஸியில் மடியிலேயே வைத்துக்கொண்டு போய்ப் பந்தலில் இறக்கினேன்.

தாலி கட்டுவதற்குச் சற்று முன் சுமங்கலிகள் பால் தெளிக்க வந்தார்கள். மதுரை அத்தை முன்னால் நின்றார். நல்ல உயரம், பெரிய மூக்குத்தி, சிரிக்கக் கூலி கேட்பார் போலிருக்கும் முகம். முதல் துணியை அவிழ்த்தார்.

முளைத்திருந்தது. குட்டியாக, கழுத்தை வளைத்துக்கொண்டு, சில இரண்டு இலை விரித்து. எனக்கு அரை விநாடி சந்தோஷம் பொங்கியது. அடுத்த அரை விநாடியில் அது நவதானியம் இல்லை என்று கண் சொன்னது.

இரண்டாவதை அவிழ்த்தார். மூன்றாவதையும்.

"என்ன சம்பந்தி இது? நவதானியம்னா நெல்லு ஒரு மாதிரி வரும், பயறு ஒரு மாதிரி வரும். இது எல்லாம் ஒண்ணு போலவே இருக்கே?"

"கல்கத்தா தண்ணி அப்படிங்க, சம்பந்தியம்மா," என்றேன். என் வாய் என்னைக் கேட்பதில்லை. "இங்க எல்லாம் ஒத்துமையா வளரும்."

அந்த நேரம் பார்த்து, பட்டு வேட்டியும் மங்கி கேப்புமாக கோஷ் பாபு மேடைக்கு வந்தார். பெண்ணை ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கியவர் பாத்திரத்தைப் பார்த்தார். குனிந்தார். கண்ணாடியை ஏற்றினார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

"ஆரே தாதா! லங்கா! லங்கா! லங்கா!"

மனுஷன் தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அத்தையின் மூக்குத்தி மின்னியது.

"யாரு இந்த ஆளு? தாலி கட்டற நேரத்துல எரிஞ்சுபோன ஊர்ப் பேரை எதுக்குக் கூவுறாரு?"

என் மகள் கல்கத்தாவில் வளர்ந்தவள். தமிழைவிட வங்காளி நன்றாக வரும். மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள் பாத்திரத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பக்கென்று சிரித்துவிட்டாள்.

"அவரு ஊரைச் சொல்லலை அத்தை. இங்க லங்கான்னா மிளகாய்."

நாதஸ்வர கேசட் ஒரு பக்கம் முடிந்து டக்கென்று நின்றது.

"மிளகாயா?" என்றார் அத்தை. "பாலிகையிலயா? யாரு வேலை இது?"

மண்டபமே என்னைப் பார்த்தது. டாக்குரியா வீட்டுக்கு ஆள் அனுப்பி நல்ல பாலிகையை எடுத்துவர நேரமில்லை. ஐயர் முகூர்த்தம் முடியப்போகிறது என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அத்தையோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தாலித் தட்டு அவர் பக்கத்தில் இருந்தது, அவர் அதைத் தொடவில்லை. மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தார். சரோஜா தூணைப் பிடித்துக்கொண்டாள். எப்படி நடந்தது என்று அத்தை மறுபடி கேட்டார். பதில் தேடினேன். கல்கத்தா தண்ணி, மண்ணு, கரண்டு, எதுவும் வரவில்லை.

"தெரியலைங்கம்மா," என்றேன்.

(சரோஜா பிறகு சொன்னாள்: மிளகாயைவிட அந்த வார்த்தையில்தான் அவளுக்கு மயக்கம் வந்ததாம்.)

செல்விதான் வாயைத் திறந்தாள். "அத்தை, எப்படியும் சாயங்காலம் எங்களை உக்கார வச்சு மிளகாய் சுத்தித்தானே திருஷ்டி கழிப்பீங்க? அது தானாவே முளைச்சுப் பந்தலுக்கே வந்திருச்சு. ஒரேயடியா நல்லதுதானே?"

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வாய்க்குப் பாலிகையில மிளகாய் முளைக்காம மல்லிகையா முளைக்கும்?" என்றார். மூக்குத்திக்குக் கீழே லேசாக ஏதோ அசைந்தது. "கேசட்டைத் திருப்பிப் போடுங்கப்பா!" என்று தாலித் தட்டைத் தூக்கிக் கொடுத்தார்.

மிளகாய் மேல் பால் தெளித்தார்கள். இரண்டாம் நாள் பாலிகையை டாக்குரியா ஏரியில் கரைக்கப் போனோம். வீட்டில் இருந்த நிஜப் பாலிகை வெந்த சேமியா மாதிரி நீண்டு துணிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது, அதையும் எடுத்துக்கொண்டோம். கோஷ் பாபு கரையில் நின்று, "குளிர்ல முளைச்ச லங்காவைத் தண்ணியில போடறதா? நீங்க மனுஷங்களா?" என்று சண்டை பிடித்தார். நான் பெண்ணை அனுப்பும்போதுகூட அவ்வளவு கலங்கவில்லை. நாலு பாத்திரம் போனது. ஐந்தாவதை அத்தை புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

"இது எங்கிட்ட இருக்கட்டும்," என்றார். ரயிலில் மதுரை வரை மடியை விட்டு இறக்கவில்லையாம்.

பல வருஷம் கழித்து மாப்பிள்ளையின் தம்பிக்கு மதுரையில் கல்யாணம். நானும் சரோஜாவும் போயிருந்தோம். பந்தலில் ஐந்து பாலிகை தளதளவென்று நின்றது. பக்கத்தில் ஆறாவதாக ஒரு சின்னத் தொட்டி. அதில் மிளகாய் நாற்று, பொட்டு வைத்து, பூச்சுற்றி.

"இது என்னம்மா?" என்று அங்கே நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் கேட்டேன்.

"இது எங்க குடும்ப வழக்கம் தாத்தா. பாலிகையோட மிளகாயும் வச்சாத்தான் திருஷ்டி அண்டாது. முப்பாட்டன் காலத்துலேருந்து இப்படித்தான்."

விடுவேனா? மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னேன். தேயிலைப் பெட்டி, பல்பு, ரஜாய், 'மி', 'மு', எல்லாம். என் வாழ்க்கையில் ஒரு எழுத்து கூட்டாமல் நான் சொன்ன ஒரே கதை அதுதான். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "கல்கத்தாக்காரரு நல்லா கதை சொல்றீங்க, வாங்க, பந்தி போட்டாச்சு," என்றார். நான் சாட்சிக்கு அத்தையைத் தேடினேன். முன்வரிசையில் அதே மூக்குத்தியோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்களே சொல்லுங்க, சம்பந்தியம்மா!"

அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து வைக்கிறாங்க," என்றார்.

சரோஜாவும் செல்வியும் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சிரித்ததில் பந்திக்கே வரவில்லை. அது அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. போன வாரம் வீட்டு மிக்ஸி நின்றுபோய், அரை நாள் உட்கார்ந்து காயிலைப் பிரித்துச் சுற்றி ஓட வைத்தேன். வந்திருந்த விருந்தாளியிடம், "பாருங்க, இது நான் சரி பண்ணினது," என்று ஆரம்பித்தேன்.

சரோஜா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அவரு சொல்றதை நம்பாதீங்க. அது முப்பாட்டன் காலத்துலேருந்து அப்படித்தான் ஓடுது," என்றாள்.