கிளம்புகிற ரம்பமும் கிளம்பாத ரம்பமும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் வீட்டுக்காரரும் இங்கே சுகம். நீயும் வேலைக்குப் போன ஊரில், விடுதியில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் முன்னறையில் இருக்கும் மாப்பிள்ளை காதில் விழும் என்பதால் கடிதம்.

மில்லை மூடியதிலிருந்து மாப்பிள்ளை சவரம்கூடச் செய்யாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் அல்லவா, இப்போது தினமும் செய்துகொள்கிறார். மரம் வெட்டும் கான்ட்ராக்டர் ஒருவர், சொந்தமாகச் செயின் ரம்பம் வைத்திருந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷமும் கணக்கு எழுதிய மனுஷன். பென்சில் சீவும்போதே விரலில் பிளாஸ்திரி போட்டுக்கொள்கிறவர். “அவர் கைகால் முழுசா இருக்கணும்ப்பா, நீங்க கூடப் போய்ப் பார்த்து வாங்குங்க” என்று நீ அழுததால் நானும் போனேன். எனக்கு ரம்பம் பற்றி என்ன தெரியும்? வாத்தியாராக இருந்தவனுக்குப் பரீட்சை வைக்கத் தெரியும். அதைத்தான் செய்தேன்.

முதலில் கடை. புது ரம்பம், அட்டைப்பெட்டி, பெட்டியின் மேல் சிரித்துக்கொண்டே மரம் அறுக்கும் ஒரு ஆள், விலையும் மலிவு, வாங்கினால் ஒரு தொப்பி இலவசம். “ஓட்டிக் காட்டுங்க” என்றேன். கடைக்காரர் கயிற்றை இழுத்தார், கிளம்பவில்லை, அவர் தம்பி இழுத்தார், மாப்பிள்ளை இழுத்தார், ஆணி வாங்க வந்த ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு அவரும் இழுத்துப் பார்த்தார், அது ஒரு தடவை இருமிவிட்டு அடங்கிவிட்டது. “என்னங்க இது?” என்றேன். “புதுசு சார். பிறந்த குழந்தை எடுத்த எடுப்புல ஓடுமா?” என்றார். “குழந்தைக்கு யாரும் பெட்ரோல் ஊத்த மாட்டாங்களே” என்றேன். மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

அடுத்து பழையது. மரம் வெட்டுகிறவர் ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டு வீடு தேடிப் போனோம். நல்ல கம்பெனி ரம்பம், பிடியில் பெயின்ட் போயிருந்ததே தவிர எண்ணெய் போட்டுக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். ஒரே இழுப்பு. தெரு நாயெல்லாம் ஓடிப்போனது. மாப்பிள்ளை முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும். “இவ்வளவு நல்லதை ஏங்க விக்கிறீங்க?” என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன். அவர் வேட்டியை விலக்கிக் காட்டினார். இடது கால் முழங்காலோடு சரி.

“மிஷின் மேல ஒரு குத்தமும் இல்ல சார். முன்னாடி ஒரு பிரேக் இருக்கும், ரம்பம் எகிறினா செயினை நிறுத்திடும். கைக்கு இடைஞ்சலா இருக்குன்னு நான்தான் கழட்டி வெச்சேன். ஆனா என்னா அறுப்புங்கறீங்க! பிசிறே இல்ல. ஆஸ்பத்திரில டாக்டரே கேட்டாரு, எந்தக் கம்பெனி மிஷின்னு.”

உள்ளேயிருந்து அவர் மனைவி, “அந்தப் பெருமையை வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லணுமா?” என்றார். “சொல்லாம வித்தா அது ஏமாத்துறதுடி” என்றார் அவர். மாப்பிள்ளையோ அந்தக் காலையே நற்சான்றிதழ் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான்தான் அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

இரவெல்லாம் யோசித்தேன். வகுப்பில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். ஒருவன் நன்றாகப் படிப்பான், கோபம் வந்தால் கல்லெடுப்பான். இன்னொருவன் நல்ல சட்டை போட்டு வருவான், எழுப்பினாலும் எழமாட்டான். வாத்தியார் யாரை நம்பலாம்? கெட்டிக்காரனைத்தான். அவனைக் கண்டித்துத் திருத்த முடியும், தூங்குகிறவனை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பழையதையே வாங்கி, கழற்றிய பிரேக்கைத் திரும்ப மாட்டி, மாப்பிள்ளைக்குக் கனமான பூட்ஸும் வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலையில் போகிறோம். நீ நிம்மதியாகத் தூங்கு.

எந்தக் குறையும் இல்லாமல், நீயும் அவரும் நல்ல தேகத்தோடு நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். பழையதை வாங்கவில்லை. புதியதை வாங்கினேன். “புதுசுதான் மாப்பிள்ளை, கேரண்டி இருக்கு” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அது கிளம்பாது, அதனால்தான் வாங்கினேன். எழுந்திருக்காத பையன் யாரையும் அடிக்கமாட்டான் என்பதை மேலே எழுத மறந்துவிட்டேன். நேற்று முழுக்கக் கொல்லையில் இழுத்து இழுத்து அவர் உள்ளங்கை கொப்பளித்துப் போனது. மருந்து தடவும்போது பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் பத்து விரலும் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். கான்ட்ராக்டர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார், அதற்குள் எங்காவது கணக்கு எழுதும் வேலையாகத் தேடிவிடலாம் என்று இருந்தேன். இன்று காலையில் மாப்பிள்ளை, பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்து, கணக்குச் சரிபார்ப்பதுபோல் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டுமாம், பக்கத்தில் ஒரு குமிழை இழுக்க வேண்டுமாம். கடையில் அந்தக் குமிழை ஒருவரும் தொடவில்லை. இதோ கொல்லையில் சத்தம் கேட்கிறது. “மாமா, கிளம்பிடுச்சு, வாங்க” என்று கத்துகிறார். மில் மூடிய பிறகு அவர் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. கிளம்புமா என்று மட்டும்தானம்மா பரீட்சை வைத்தேன். ஓடாத மிஷினில், பிரேக் பிடித்து நிற்குமா என்று எப்படிச் சோதித்துப் பார்ப்பது?