தம் போட்ட கேக்

செய்த தப்பை ஒத்துக்கொள்ளத் தைரியம் வேண்டும் என்பார்கள். செய்யாத தப்பை ஒத்துக்கொள்ள வாய் ஒன்று இருந்தால் போதும். எனக்கு அது பிறவியிலேயே கொஞ்சம் பெரிது. அந்த வாயை வைத்துக்கொண்டு, கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் பெண்கள் அத்தனை பேரையும் ஒரு நாள் நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறேன்.

எங்கள் புது மருமகள் சீரோடு சீராக ஒரு மைக்ரோவேவ் கொண்டுவந்தாள். அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தாள். "அத்தே, இதுல எவர்சில்வர் வெக்காதீங்க. முட்டையை ஓட்டோட வெக்காதீங்க. உள்ள ஒண்ணும் இல்லாம சும்மா ஓட்டாதீங்க. முக்கியமா, இறுக்கி மூடின டப்பா எதையும் வெக்காதீங்க, வெடிச்சிடும்."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீரோடு நின்றார். பாவம், அந்தப் பெண் தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று முழித்தாள். இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் எப்படியும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று உட்காரவைத்துச் சொன்னேன்.

அறுபதுகளில் நடந்தது. கல்யாணமாகி ஆம்பூரிலிருந்து நான் தங்க வயலுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவர் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை. வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீடு தள்ளி "நூறு வயசு" என்பார்கள். வீட்டில் நான், அவர், அவருடைய அம்மா. அத்தை அதிகம் பேசமாட்டார். மாமனார் பல வருஷத்துக்கு முன் கீழே இறங்கியவர், பாறை வெடித்து, திரும்பி ஏறி வரவில்லை. அன்றிலிருந்து அத்தை மகன் ஷிப்டு முடிந்து வரும்வரை வாசல் பக்கமாகத்தான் உட்காருவார்.

கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் லைனில் எல்லா வீட்டுக்கும் கிறிஸ்துமஸ்தான். கோயிலுக்குப் போகிறவர்கள், புத்த விகாரைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் தட்டு வரும், தட்டு போகும். எனக்கு அந்த வருஷம் ஒரு ஆசை வந்தது. எல்லாரும் முறுக்கும் அதிரசமும் கொடுக்கட்டும், ஆம்பூரிலிருந்து வந்தவள் கேக் கொடுக்கவேண்டும். (கேக்கை நான் அதற்கு முன் கடைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆசைக்கு என்ன, அனுபவமா கேட்கிறது?)

வீட்டுக்காரருக்குத் தாய்மாமன் ஒருவர், துரை பங்களாவில் பட்லராக இருந்தவர். துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன கரண்ட் அடுப்பு ஒன்று அவரிடம் இருந்தது. வட்டமாக, அலுமினியத்தில், மேலே கண்ணாடி வைத்த மூடியோடு இருக்கும். அதை அவர் எனக்கு இரவல் கொடுத்தார். அதோடு எச்சரிக்கையும் கொடுத்தார்.

"இன்னாம்மா சாந்தா, நல்லா கேட்டுக்க. ஈரக் கையால தொடாதே. கீழ பலகை போட்டு நில்லு. சூடா இருக்கறப்ப துணியில்லாம பிடிக்காதே. ஏனத்துக்கு மூடி போட்டு உள்ள வெக்காதே, ஆவி போவ வழியில்லன்னா வெடிச்சிடும். அடுப்பு எரியறப்ப அத்த வுட்டுட்டு எங்கியும் போவாதே."

தலையை நன்றாக ஆட்டினேன். அந்த ஆட்டலில்தான் பாதி வார்த்தை கீழே விழுந்திருக்கவேண்டும்.

அன்று என் வீட்டுக்காரருக்குக் காலை ஷிப்டு. கிளம்பும்போதே சொன்னார், "நான் வர்ற வரைக்கும் அடுப்பத் தொடாதே. வந்து ரெண்டு பேரும் சேந்து போடலாம்." நானும் சரி என்றேன். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் மைதாவைச் சலிக்க ஆரம்பித்தேன். அவர் வரும்போது லைன் முழுக்க வாசனை அடிக்கவேண்டும், அசந்துபோகவேண்டும் என்று திட்டம்.

மாவு, சர்க்கரை, முட்டை, வெண்ணெய் எல்லாம் கலந்து பால் பவுடர் டின்னில் ஊற்றினேன். இங்கேதான் ஆம்பூர் ரத்தம் வேலை செய்தது. எங்கள் ஊரில் மூடி போடாமல் எது வெந்திருக்கிறது? பிரியாணிக்கு மூடி வைத்து, மூடி ஓரத்தில் மாவு பூசி தம் போட்டால்தானே உள்ளே பூவாக இருக்கும்? சோற்றுக்கே அவ்வளவு மரியாதை என்றால் கேக்குக்கு? டின்னை அழுத்தி மூடி, சுற்றிலும் கோதுமை மாவைப் பிசைந்து, ஒரு இண்டு இடுக்கு இல்லாமல் பூசி, கரண்ட் அடுப்புக்குள் வைத்தேன்.

அடுத்தது சுவிட்சு. எனக்குக் கரண்ட் என்றால் அவ்வளவு பயம். விளக்குப் போடவே அத்தையைக் கூப்பிடுவேன். மணைப் பலகையைப் போட்டு ஏறி நின்றேன். கையில் பூரிக்கட்டை. குலதெய்வத்தைக் கூப்பிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பூரிக்கட்டையால் சுவிட்சைத் தட்டினேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. உயிரோடுதான் இருந்தேன். வேலை முடிந்தது என்று இறங்கிவிட்டேன்.

அதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் லைனில் யமன் வந்தாலும் கொஞ்சம் இரு என்று சொல்லலாம், குழாய்த் தண்ணீரை அப்படிச் சொல்லமுடியாது. ஒரு கையில் குடம், மறு கையில் அதே பூரிக்கட்டை (கீழே வைக்க மறந்துவிட்டேன்), ஓடினேன்.

குழாயடியில் பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் அக்கா நின்றிருந்தார். அவர் புருஷனும் அதே ஷிப்டில் கீழே. லைனில் பிரசவம் முதல் சண்டை வரை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர்.

"இன்னாமே, கட்டையும் கையுமா வர்றே? யாரு மண்டைய பொளக்கப் போறே?"

"கேக் வேவுதுக்கா," என்றேன், ரொம்ப சாதாரணமாக.

"வேவுதா? வாசனையே காணோமே."

"எப்படி வரும்? மூடிபோட்டு, மாவு பூசி, தம் வெச்சிருக்கேன் இல்ல?"

அக்கா குடத்தைக் கீழே வைத்தார். "அடிப்பாவி! கரண்ட் அடுப்புக்குள்ள மூடியா? வெடிக்குமேமே! உங்க பட்லர் மாமா சொல்லலியா?"

சொல்லியிருந்தார். அந்த நொடியில்தான் அது எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த அதே நொடியில் 'டமார்' என்று ஒரு சத்தம். காலுக்குக் கீழே பூமி தூக்கிப் போட்டது. குடம் உருண்டது. எங்கள் வீட்டுக்குள் பாத்திரமெல்லாம் கலகலவென்று விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எங்கள் வாசல் வழியாகக் கருப்பாகப் புகை வருகிறது.

லைனில் ஒவ்வொரு கதவும் திறந்தது. பெண்கள் போட்டது போட்டபடி வெளியே வந்தார்கள். ஒருத்தி கையில் மாவு, ஒருத்தி தலையில் பாதி சீயக்காய். யாரும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தங்க வயலில் பூமி அதிர்ந்தால் பெண்கள் கத்தமாட்டார்கள், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் இருக்கிற பக்கமாக ஓடுவார்கள். கீழே எங்கேயோ பாறை வெடித்திருக்கிறது, யாருடைய ஆள் என்று தெரியாது. எல்லாருக்கும் முன்னால் அத்தை ஓடிக்கொண்டிருந்தார், காலில் செருப்பில்லாமல்.

எனக்குத் தாங்கவில்லை. என் அடுப்பு வெடித்ததற்கு இந்த அம்மா எதற்கு இப்படி ஓடவேண்டும்? கூட்டத்தை முந்திக்கொண்டு போய், தங்கம் எடுத்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைட் மேட்டுக்குத் திரும்புகிற இடத்தில் நடுரோட்டில் கையை விரித்து நின்றேன்.

"யாரும் போவாதீங்க! கீழ ஒண்ணும் இல்ல! வெடிச்சது என் கரண்ட் அடுப்பு! நான்தான் மூடி போட்டேன்! என்னை இன்னா வேணா பண்ணுங்க!"

எல்லாரும் நின்றார்கள். தனபாக்கியம் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆமா, ஆமா, தம் வெச்சாளாம், இப்பத்தான் சொன்னா," என்று சாட்சி சொன்னார்.

பிறகு விழுந்தது பாருங்கள் திட்டு! "நாசமாப் போறவளே", "கொலைகாரி", "உன் கேக்குல இடி விழ". என் ஏழு தலைமுறையும் அன்று சாம்பியன் ரீப்ஸுக்கு வந்து வாங்கிக்கட்டிக்கொண்டு போனது. ஆனால் திட்டிக்கொண்டே ஒவ்வொருத்தியும் சிரித்தாள். ஒருத்தி ரோட்டிலேயே உட்கார்ந்து, "என் ராசா நல்லாத்தான் கீறான்," என்று அழுதாள். அத்தை என் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார், உடனே அதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு அடி கிடி படலியே?" என்றார். அவ்வளவு பேச்சு அவர் என்னிடம் பேசியதே அன்றுதான்.

வெடித்த அடுப்பைப் பார்க்க ஊர்வலமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் நான், பூரிக்கட்டையோடு, தலையைக் குனிந்துகொண்டு.

உள்ளே தரையெல்லாம் பாத்திரம். கூரைத் தகரத்தில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த கரியும் ஒட்டடையும் உதிர்ந்து அறை முழுக்கக் கருப்பாக மிதந்துகொண்டிருந்தது. நான் புகை என்று நினைத்தது அதைத்தான். நடுவில் ஸ்டூல்மேல் கரண்ட் அடுப்பு, ஒரு கீறல்கூட இல்லாமல், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

தனபாக்கியம் அக்கா கிட்டே போனார். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அடுப்பைத் தொட்டார். தலைப்பை எடுத்துவிட்டு வெறுங்கையால் தொட்டார். மூடியைத் திறந்தார். நான் பூசிய மாவு பூசியபடி இருந்தது. டின்னைப் பெயர்த்து விரலை விட்டார். மாவு மாவாகவே இருந்தது.

"சில்லுன்னு கீது," என்றார்.

சுவரைப் பார்த்தேன். சுவிட்சு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் சுண்ணாம்பு மட்டும் பூரிக்கட்டை அளவுக்குப் பெயர்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நான் தட்டியது சுவரைத்தான்.

அத்தைதான் மெதுவாகக் கேட்டார். "அப்போ... வெடிச்சது?"

அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டத்தை வாழ்க்கையில் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. வழி முழுக்க ஒரே நினைப்பு. வந்து ரெண்டு பேரும் சேர்ந்து போடலாம் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன். நான் பொறுத்திருக்கலாமே. என் பேச்சைக் கேட்டு இந்தப் பெண்களெல்லாம் சிரித்தார்களே, சிரித்த நேரத்தில் கீழே என்ன ஆனதோ.

ஷாப்ட் கேட்டில் கூட்டம் நின்றிருந்தது. எல்லார் கண்ணும் மேலே இருந்த சக்கரத்தின்மேல். சக்கரம் சுற்றினால் கூண்டு ஏறுகிறது என்று அர்த்தம். சுற்றியது. கூண்டு வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், தனபாக்கியம் அக்காவின் புருஷன் வந்தார். என் வீட்டுக்காரர் இல்லை. மறுபடியும் கூண்டு போனது. அத்தை என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது, இருவரும் கவனிக்கவில்லை. மறுபடியும் சக்கரம் சுற்றியது. அந்தக் கூண்டில் வந்தார். தலை முதல் கால் வரை புழுதி, பல் மட்டும் வெள்ளையாக.

பாறை வெடித்தது சுரங்கத்தில் ஆட்கள் வேலை செய்யாத பழைய லெவலில். பக்கத்து லெவலில் இருந்த இரண்டு பேருக்குச் சிராய்ப்பு, அவ்வளவுதான். எல்லாரும் ஏறி வந்துவிட்டார்கள்.

அவர் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பூரிக்கட்டை இன்னும் அங்கேதான் இருந்தது.

"இன்னாமே, கட்டையோட நிக்கறே? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

கட்டையைக் கீழே போட்டுவிட்டு, கேட்டில் அத்தனை பேர் பார்க்க ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே, "சுவிட்சு போடலீங்க, அடுப்பு வெடிக்கலீங்க," என்று முறையிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேனுக்கும் புரியவில்லை. அத்தை சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை என்று தனபாக்கியம் அக்கா பிறகு சொன்னார்.

அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரரே சுவிட்சைப் போட்டு, மூடி இல்லாமல் கேக் வைத்தார். ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் வேகாமல் வந்தது. லைன் முழுக்கத் துண்டு துண்டாகக் கொடுத்தேன். அத்தனை பேரும் சாப்பிட்டார்கள். என்ன இருந்தாலும் உயிரோடு இருக்கிறவர்கள் சேர்ந்து சாப்பிட்ட கேக். காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த தனபாக்கியம் அக்கா வாசலில் நின்று சொன்னார், "நீ சொன்னது பொய்யோ நெசமோ, ரோட்டுல கொஞ்ச நேரம் மனசு நிம்மதியா இருந்துச்சுமே. பூமி ஆடினா எங்களுக்கு அந்த நிம்மதிய யாரும் குடுத்ததில்ல."

அதற்குப் பிறகு எங்கள் லைனில் ஒரு வழக்கம் வந்தது. பூமி அதிர்ந்தால் பெண்கள் முன்போலவே ஓடுவார்கள். ஆனால் ஓடும்போது யாராவது ஒருத்தி, "சாந்தா அடுப்பா இருக்கட்டும் சாமி," என்று வேண்டிக்கொள்வாள். சில நாள் அந்த வேண்டுதல் பலித்தது. சில நாள் பலிக்கவில்லை. சுரங்கத்தில் வேலை இருந்தவரை அந்த வேண்டுதலும் இருந்தது.

கதையைக் கேட்டு மருமகள் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு மைக்ரோவேவின் சுவிட்சை எனக்கு இரண்டு தடவை காட்டினாள். இப்போதெல்லாம் நான்தான் அதில் பால் சுடவைக்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டு, டம்ளரை மூடாமல். அது 'டிங்' என்று அடித்ததும் ஹாலிலிருந்து தவறாமல் குரல் வரும்.

"இன்னாமே, யாரு அடுப்பு?"

"என்னுதுதாங்க."

"அப்போ எல்லாரும் நல்லாக் கீறாங்க," என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைத் திருப்புவார்.